லேத்துல டூல் பண்ணக் குடுக்கிறவங்க இத படிச்சிட்டுப் போங்க, எனக்கு 3,400 ரூபா போச்சு

நேத்து ராத்திரி முழுக்க தூக்கம் வரல, அந்தக் கோவத்தோடயே எழுதுறேன். 3,400 ரூபா போச்சு, கூடவே என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கோட மேக்னட்டும் (இன்ஜின் சைடுல சுத்துற காந்தச் சக்கரம்) போச்சு. லேத்துல டூல் பண்ணக் குடுக்கும்போது என்னென்ன பாக்கணும்னு கடைசில எழுதுறேன், மொதல்ல நடந்தத கேளுங்க.

நான் தண்டையார்பேட்டை. வண்டி 94 மாடல், எங்கப்பா ஓட்டினது. ஒரு மாசமா ஆக்ஸிலேட்டர விட்டாலும் ஆர்பிஎம் எறங்காம கத்திக்கினே இருந்துச்சு. டூ ஸ்ட்ரோக் வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், மேக்னட் சைடு ஆயில் சீல் (ரப்பர் வளையம்) காஞ்சு போச்சுன்னா அது வழியா காத்த இழுக்கும், கலவைல பெட்ரோல் கம்மியாகி லீன் ஆயிடும், அப்படியே ஓட்டினா பிஸ்டன் ஜாம் தான். சீல் சின்ன ஐட்டம். ஆனா அத மாத்த மேக்னட்ட கழட்டணும், அது கிரேங்க் டேப்பர்ல, அதாவது இன்ஜின் தண்டோட கூம்பு மாதிரி நுனில, கவ்விக்கினு உக்காந்திருக்கும். புல்லர் போட்டாதான் வரும், அது மேக்னட்டோட மரைல திருகி நடு போல்ட்ட இறுக்கி இழுக்கிற டூல். சுத்தியால தட்டிக் கழட்டினா கிரேங்க் கோணிக்கும்.

ரெடிமேட் புல்லர் வாங்கலாமேன்னு கேப்பீங்க. வாங்கினேன், ரெண்டாவது தடவையே மரை மழுங்கிடுச்சு. அதான் நல்ல இரும்புல நம்மளே ஒரு செட்டு பண்ணி வச்சிக்கலாம்னு ஆசப்பட்டேன். மேக்னட் சுத்தாம புடிக்கிற ஹோல்டர நானே வீட்ல 25க்கு 5 பட்டைல, ரெண்டு 8 எம்எம் போல்ட்டு போட்டு பண்ணேன், சூப்பரா வேல செய்யுது. புல்லரும் கிரேங்க் கேஸ் (இன்ஜினோட கூடு) பிரிக்கிற பிளேட்டும் மட்டும் லேத் இல்லாம ஆகாது.

மெட்ரோ ஏறி மண்ணடில எறங்கி ஒரு சந்துல இருக்கிற லேத் பட்டறைக்குப் போனேன். பேர் எழுதல. ஓனர் எங்கப்பா வயசு. பழைய புல்லர கையில வாங்கி, விரல் நகத்தால மரைய தடவிப் பாத்து, "பிட்ச் ஒண்ணு தம்பி, ஃபைன் திரெட்டு, இதெல்லாம் நான் எத்தினி பண்ணிருக்கேன்"ன்னாரு. பிட்ச்னா ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல இருக்கிற தூரம், ஒண்ணுன்னா ஒரு எம்எம். ஈஎன் 8 ராடுல (கார்பன் உள்ள கெட்டி இரும்பு) கடைஞ்சு தரேன், நடு போல்ட்டு 10.9 ஹை டென்சில் போடுறேன், ஆயுசுக்கும் தாங்கும்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. பாவம் பெரியவரு, தொழில் தெரிஞ்சவருன்னு நம்பிட்டேன்யா. அங்கயே நின்னு 3,400 ரூபாயும் ஜிபே பண்ணிட்டேன், முழுசா. பில்லு கேக்கல, ஒரு துண்டுச் சீட்டுல பென்சில்ல எழுதிக் குடுத்தாரு.

நாலு நாள்னு சொன்னது பதினாறு நாள் ஆச்சு. போனா ஒரு பையன் பொருள எடுத்துக் குடுத்தான், சாம்பிளா குடுத்த பழைய புல்லர் எங்கன்னா தெரியாதுன்றான். வீட்டுக்கு வந்து போட்டேன். ரெண்டு சுத்து கையால போச்சு, மூணாவது சுத்துல புடிச்சுக்கிச்சு. போன் பண்ணேன். "புதுசு அப்படித்தான் டைட்டா இருக்கும், ஆயில் விட்டு ஸ்பேனர் போட்டு திருகு தம்பி"ன்னாரு. இந்த ஒரு வார்த்தைய நம்பினதுதான் என் தப்பு. திருகினேன், நடு போல்ட்ட இறுக்கினேன், டொப்புனு ஒரு சத்தம். டேப்பர் விட்டுச்சுன்னு சந்தோஷமா பாத்தா புல்லர் மட்டும் கையோட வருது, அதோட மரையில மேக்னட்டோட மரை பொடிப்பொடியா, சுருள் சுருளா ஒட்டிக்கினு இருக்கு. மேக்னட் அசையவே இல்ல.

பிட்ச் கேஜ் (மரை அளக்குற பல்லு வச்ச தகடு) கடன் வாங்கி வச்சுப் பாத்தா ஒண்ணுக்கு பதிலா 1.25 வெட்டிருக்காங்க. சாம்பிள தொலைச்சிட்டு குத்துமதிப்பா வெட்டிருக்காங்க. போல்ட்டு தலையில 10.9ன்னு நம்பரே இல்ல. ராயபுரத்துல வெல்டிங் பண்ற ஃப்ரெண்டு புல்லர கிரைண்டர்ல வச்சுப் பாத்தான், தீப்பொறி நீள நீளமா கோடு மாதிரி போகுது, கார்பன் உள்ள இரும்புன்னா நுனியில பூ மாதிரி வெடிக்கணும், "டேய் இது வெறும் எம்எஸ்ஸுடா"ன்னான், அதாவது சாதா மைல்ட் ஸ்டீல். பிளேட்ட பத்தி தனியா என்ன சொல்ல, ரெண்டு ஓட்டையும் சென்டர்ல இருந்து சம தூரத்துல இல்ல.

திரும்பப் போனேன். மொத நாள் மாஸ்டர் ஊருக்குப் போயிருக்காரு. ரெண்டாவது நாள் கரண்ட் இல்ல, அப்புறம் வா. மூணாவது நாள் அதே பெரியவரு, "நீ கோணையா மாட்டிருப்ப, உனக்கு மாட்டத் தெரியல, பில்லு இருக்கா?"ன்னாரு. டீ வாங்கிக் குடுத்த அதே வாய். இப்போ போன் எடுக்கிறதே இல்ல. 3,400 ரூபா எனக்கு சும்மா வரல, ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போயி சேத்தது.

சரி, பாக்க வேண்டியது: முழு காசையும் முன்னாடியே குடுக்காதீங்க. சாம்பிள குடுக்கிறதுக்கு முன்னாடி பிட்ச் கேஜ் வச்சு போட்டோ எடுத்துக்கங்க. புல்லர் கையாலயே அஞ்சாறு சுத்து உள்ள போகணும், போகலன்னா ஸ்பேனர தொடவே தொடாதீங்க, யார் சொன்னாலும். போல்ட்டு தலையில நம்பர் பாருங்க. இன்னும் எழுதணும்னு நெனச்சேன், முடியல, கை நடுங்குது.

மரை போன மேக்னட்டு இன்னும் கிரேங்க்லயே உக்காந்திருக்கு, மூணு கால் புல்லர் வச்சு சேதம் இல்லாம எடுத்தவங்க யாராவது வட சென்னைல இருந்தா சொல்லுங்க, வண்டிய தள்ளிக்கினே வரேன்.