‘பதினைந்தே நாளில் ஸ்கோபஸ் பேப்பர்’: டர்பனிலிருந்து ஓர் எச்சரிக்கை

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. போலி ஜர்னல்களை (ஆய்விதழ்களை) எப்படிக் கண்டுபிடிப்பது என்று முதுகலை மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்தவன் நான். அதே நான் 38,000 ரூபாயை அப்படி ஒரு கும்பலிடம் கொடுத்து ஏமாந்தேன். வருடக் கடைசி நெருங்குகிறது. இங்கே தென்னாப்பிரிக்காவில் போஸ்ட்டாக்காக (பிஎச்.டி. முடித்தபின் செய்யும் ஆராய்ச்சிப் பணியில்) இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு அந்தக் கும்பலின் அதே ஏஜென்டிடமிருந்து செய்தி வந்திருக்கிறது என்று தெரிந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் வேலை, ஆற்று நீரிலும் கழிவுநீரிலும் மருந்து எச்சங்களை அளப்பது. எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸ் உம்கேனி ஆற்றில் எவ்வளவு கலக்கிறது என்று இரண்டு வருடம் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்து அளந்தேன். நல்ல ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பினேன். ஏழு மாதம் வைத்திருந்துவிட்டு, ‘இதே போன்ற முடிவுகள் சமீபத்தில் வெளிவந்துவிட்டன’ என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ஏழு மாதத்தில்தான் வேறொரு குழு முந்திக்கொண்டிருந்தது.

இங்கே போஸ்ட்டாக் என்றால் ஊழியர் கிடையாது. வரி பிடிக்காத உதவித்தொகை, ஒரு வருட ஒப்பந்தம். பென்ஷன் இல்லை, விசாவும் அதோடு கட்டிய முடிச்சுதான். ஒப்பந்தம் நீள வேண்டுமானால் பேப்பர் வேண்டும், அதுவும் உயர்கல்வித் துறையின் அங்கீகாரப் பட்டியல்களில் உள்ள ஜர்னலில். ஏனென்றால் அப்படி வரும் பேப்பருக்கு அரசு பல்கலைக்கழகத்துக்கு மானியம் கொடுக்கிறது: ஒரு பேப்பர் ஒரு யூனிட், முழு யூனிட் ஒன்றுக்கு ஒரு லட்சம் ராண்டுக்கும் (இந்நாட்டுப் பணம்) மேல். நான்கு பல்கலைக்கழகங்களிலிருந்து நான்கு பேர் சேர்ந்து எழுதினால் ஒவ்வோர் இடத்துக்கும் கால் யூனிட். அதனால் நடைவழியில் பார்க்கிறவர்கள் ‘என்ன கண்டுபிடித்தாய்’ என்று கேட்பதில்லை. ‘இந்த வருடம் எத்தனை யூனிட்’ என்றுதான் கேட்கிறார்கள். கூட்டாகச் செய்ய வேண்டிய வேலையைத் தனியாகச் செய்கிறவர்களையும், ஒரே ஆய்வை மூன்றாக நறுக்கிப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு இப்போது வாயில்லை.

அக்டோபர் மாதம். எனக்கு அரை யூனிட்தான் இருந்தது. தமிழ் ஆராய்ச்சியாளர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சென்னை எண்ணிலிருந்து ஒரு செய்தி: ‘ஸ்கோபஸ் ஜர்னல், 15 நாளில் அக்செப்டன்ஸ், கேரண்டி.’ ஸ்கோபஸ் என்பது தேர்ந்தெடுத்த ஜர்னல்களைப் பட்டியலிடும் தரவுத்தளம். இரண்டு நாள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன். “சார், நீங்க சவுத் ஆப்பிரிக்காவா? உங்க ஊர் ஆளுங்க ஆறு பேர் நம்மகிட்டதான் போட்டிருக்காங்க. டென்ஷனே வேண்டாம் சார்” என்றான். பேச்சில் அவ்வளவு மரியாதை. ஜர்னல் பெயரைச் சொன்னான். ஸ்கோபஸில் தேடினேன், இருந்தது. ஐரோப்பாவில் வெளிவரும் பழைய ஜர்னல், ஜர்னலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் பொருந்தியது. அவன் அனுப்பிய லிங்க்கைத் திறந்தால் அழகான இணையதளம், மேலே அதே எண்.

நான் செய்யாத வேலை ஒன்றே ஒன்று. ஸ்கோபஸின் பக்கத்திலிருந்து கிளம்பி அந்த ஜர்னலின் சொந்தத் தளத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை. போயிருந்தால் முகவரியே வேறு என்று தெரிந்திருக்கும். உண்மையான ஜர்னல் ஒன்று இருக்கிறது, அதன் பெயரையும் எண்ணையும் திருடி இன்னொருவன் கடை போட்டிருக்கிறான். இதைக் கடத்தப்பட்ட ஜர்னல் என்கிறார்கள். பழைய இதழ்களைப் புரட்டியிருந்தாலும் போதும். வேதியியல் ஜர்னல் என்று பெயர், உள்ளே பல் மருத்துவம், மாட்டுத் தீவனம், வங்கி வாடிக்கையாளர் திருப்தி எல்லாம் ஒரே இதழில். பணம் போக வேண்டிய கணக்கு ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. அதைப் பார்த்தும் ஊரில் மச்சானிடம் சொல்லி ஜிபேயில் போடச் சொன்னேன். “என்ன மாப்ள, ஜர்னல்னா கம்பெனி அக்கவுன்ட் இருக்காதா?” என்று அவன் கேட்டான். மச்சான் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். அவனுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய். தோன்றியது, தள்ளிவிட்டேன்.

நான்காம் நாள் ரிவ்யூ, அதாவது பேப்பரைப் படித்துச் சரிபார்க்கும் வேறு ஆய்வாளர்களின் கருத்து, வந்தது. முதல் ரிவ்யூவர்: ‘நல்ல முயற்சி, ஆங்கிலத்தைச் சற்றுச் சரிபார்க்கவும்.’ இரண்டாமவர் முன்னுரையில் மேலும் மூன்று மேற்கோள்கள் சேர்க்கச் சொன்னார். அவ்வளவுதான். பதினோராம் நாள் பேப்பர் இணையத்தில். வீட்டுக்கார ஆன்ட்டியிடம்கூடச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். சாட்ஸ்வொர்த்தில் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து அச்சான பிரதியைப் படிக்கும்போது வயிறு கலங்கியது. அட்டவணை 2-இன் தலைப்பில் லிட்டருக்கு நானோகிராம் என்று இருக்க வேண்டிய இடத்தில் மில்லிகிராம் என்று நானே தவறாகப் போட்டிருக்கிறேன். பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். அந்தக் கணக்குப்படி உம்கேனி ஆற்றில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் மருந்து. இரண்டு லிட்டர் குடித்தால் ஒரு நோயாளி தினமும் போட்டுவந்த 600 மில்லிகிராம் மாத்திரை உள்ளே போய்விடும்! அந்த மருந்து தண்ணீரில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் கரைவதே பெரும்பாடு. உண்மையிலேயே ஒருவர் படித்திருந்தால் அந்த இடத்தில் நின்றிருப்பார். ஒருவரும் படிக்கவில்லை.

திருத்தம் கேட்டு மெயில் போட்டேன், பதில் இல்லை. அதற்குள் ஆராய்ச்சி அலுவலகத்தில் மானியக் கணக்கைச் சரிபார்க்கும் அம்மா கூப்பிட்டுவிட்டார். ஐந்து நிமிடத்தில் இரண்டு முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினார். திட்டவில்லை. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் யோஹான் மூட்டனும் ஆஸ்ட்ரிட் வாலன்டைனும் 2017-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக் காட்டினார். 2005 முதல் 2014 வரை தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் எழுதிய 4,246 பேப்பர்கள், போலியாக இருக்கக்கூடிய 48 ஜர்னல்களில் வந்திருப்பதாக அதில் இருந்தது. எனக்கு அது ஆறுதலாகவும் இல்லை.

சரி, திரும்பப் பெற்று வேறு இடத்தில் போடலாம் என்று பார்த்தால், திரும்பப் பெற 250 டாலர் கட்டணமாம். கட்டவில்லை. பேப்பர் அங்கேயே இருக்கிறது. வேறு எங்கே அனுப்பினாலும் ஒப்புமை சோதிக்கும் மென்பொருள், ஏற்கெனவே வெளிவந்தது என்று கொடி காட்டும். பணத்தைவிட எனக்கு வலிப்பது இதுதான்: இரண்டு வருடத் தண்ணீர் பாட்டில்கள் அங்கே மாட்டிக்கொண்டன. கைடிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேறொரு பேப்பரில் மூன்றாவது பெயராக இருந்ததால் ஆறு மாதம் நீட்டிப்பு கிடைத்தது.

ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட ஆய்வுகளைக் கண்காணிக்கும் தளத்தில் கடத்தப்பட்ட ஜர்னல்களின் பட்டியல் இருக்கிறது. அன்னா அபல்கினா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2022-இல் தொடங்கியது, இலவசம். எனக்கு வந்த ஜர்னல் பெயர் அதில் இருந்தது. பணம் கட்டும் முன் ஒரு நிமிடம் அங்கே தேடுங்கள். யாரோ அனுப்பும் லிங்க் வழியாக எந்த ஜர்னலுக்கும் போகாதீர்கள். உங்கள் நூலகரிடம் கேளுங்கள், கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

போன வாரம் கூகுள் ஸ்காலரிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அந்தப் பேப்பரை யாரோ மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். திறந்து பார்த்தேன், 300 மில்லிகிராம் என்றே எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு விளக்கி மெயில் போட்டிருக்கிறேன்.

ஏஜென்ட் என் எண்ணை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டான். இப்போது வேறு எண்ணிலிருந்து ‘வருடக் கடைசிச் சலுகை’ என்று அனுப்புவதாகக் கேள்வி. உங்கள் குழுவில் அப்படி வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அட்மினிடமும் சொல்லிவிடுங்கள்.