ஆறு வருடம் சமைத்த பிறகு: குறைந்த செலவில் போட்ட மாடுலர் கிச்சன்

2019-இல் சென்னை பள்ளிக்கரணை ஃபிளாட்டில் மாடுலர் கிச்சன் போட்டோம். பத்துக்கு எட்டு அடி அறை, எல் வடிவ மேடை. கிரானைட் நீங்கலாக மொத்தம் 1,85,000 ரூபாய் ஆனது. காலையில் இட்லிக் கொப்பரை ஏறினால் ராத்திரி பால் காய்ச்சி முடிக்கும்வரை புழங்குகிற அடுக்களை இது. ஆறு வருடம் தாண்டியும் முக்கால்வாசி புதிதுபோலவே இருக்கிறது. மீதிக் கால்வாசி ஏன் அப்படி இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கிச்சன் விற்பவர் ஒருவர், அதை வீட்டில் வந்து பொருத்துபவர் வேறொருவர். பெரும்பாலான கடைகளில் பொருத்தும் வேலை ஒப்பந்தத்துக்குத்தான் போகிறது. ஷோரூமில் ஏசியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு நாம் பேசுகிற மனிதர், சுவரில் துளை போடுகிற நாளில் வரமாட்டார். இது தெரிந்ததும் நாங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகத் தேடினோம். கையில் காசு குறைவாக இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கொட்டேஷன் வாங்குவதில்தான் ஆரம்பத் தலைவலி. ஒரே அடுக்களைக்கு ஒருவர் சதுர அடி 1,600 ரூபாய் என்றார், இன்னொருவர் 550 என்றார். கேட்டவுடன் இரண்டாமவர் பக்கம்தான் மனம் சாயும். உட்கார்ந்து கணக்குப் போட்டால் கதை வேறு. முதலாமவர் முன்பக்கத்தை மட்டும் அளந்திருந்தார். கீழ்ப் பெட்டிகள் பதினைந்து அடி நீளம், இரண்டே முக்கால் அடி உயரம்; மேல் பெட்டிகள் பதினோரு அடிக்கு இரண்டு அடி. சுமார் 63 சதுர அடி, அதாவது ஒரு லட்சத்துச் சொச்சம். இரண்டாமவர் பக்கப் பலகை, அடிப்பலகை, தட்டு, கதவு என்று ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாக அளந்து 210 சதுர அடி காட்டியிருந்தார். 550-ஆல் பெருக்கினால் 1,15,500 வருகிறது. விலை குறைவாகத் தெரிந்தவரிடம்தான் செலவு அதிகம். அதனால் எந்தக் கொட்டேஷனிலும் சதுர அடி விலையைப் பார்ப்பதற்கு முன்னால் எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். எல் வடிவ மேடையில் மூலையை இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அங்கே இரண்டு அடிக்குக் கதவே இருக்காது, ஆனால் காசு மட்டும் கணக்கில் ஏறியிருக்கும். 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளடக்கமா தனியா, கைப்பிடியும் கீலும் சேர்த்தியா, லாஃப்ட் (பரண்) கதவு உண்டா, பழைய பலகையை யார் அகற்றுவது என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி வாங்கினோம். எழுதித் தரத் தயங்கியவரிடம் அதற்குமேல் பேசவில்லை.

சரி, பலகைக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான்.

கடைக்காரர்கள் 'வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சொல்லை நம்பி எதுவும் வாங்க வேண்டாம். பலகையின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகத்துக்கான பிளைவுட்டின் இந்தியத் தர எண். நாங்கள் வாங்கியபோது அதிலேயே எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு தரம் இருந்தன. எம்.ஆர். ஈரப்பதத்தைத் தாங்கும், நேரடித் தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். அதைவிட நன்றாகத் தண்ணீரைத் தாங்கும். ஐ.எஸ். 710 என்பதுதான் மரைன் பிளைவுட். கொதிக்கிற தண்ணீரில் 72 மணி நேரம் கிடந்தாலும் அடுக்குகள் பிரியக்கூடாது என்பது அதற்கான சோதனை. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், இப்போது செல்லுபடியாகிறதா என்று காட்டிவிடும். கடையிலேயே நின்று பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை.

பிளைவுட், அதன்மேல் ஒட்டுகிற மைக்கா தாள் எல்லாம் சைடன்ஹாம்ஸ் ரோட்டில் நாங்களே பில் போட்டு வாங்கினோம். எல்லாவற்றையும் மரைனில் செய்யப் பணமில்லை. அதற்குத் தேவையும் இல்லை. சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டி, அதை ஒட்டிய பெட்டி, தரையை ஒட்டிய அடிப்பலகைகள் இவை மட்டும் 18 மி.மீ. மரைன். மற்ற கீழ்ப் பெட்டிகள் பி.டபிள்யூ.ஆர். மேல் பெட்டிகளும் லாஃப்ட் கதவுகளும் எம்.ஆர். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த விலையில் மரைன் சதுர அடி 110, எம்.ஆர். 65. எட்டுக்கு நாலு பலகை ஒன்றுக்கு 32 சதுர அடி. அப்படியானால் ஒரு பலகைக்கு வித்தியாசம் 1,440 ரூபாய்தான். சிங்க் பெட்டிக்கு ஒரு பலகை போதும். இந்த 1,440 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் எத்தனையோ வீடுகளில் இரண்டாவது வருடமே சிங்க்குக்குக் கீழே பலகை ஊதிப்போய் நிற்கிறது. எங்கள் சிங்க்கின் வடிகுழாய் இரண்டு தடவை ஒழுகியிருக்கிறது. ஒரு தடவை ஊருக்குப் போயிருந்த நேரத்தில், தண்ணீர் உள்ளேயே தேங்கிக் கிடந்தது. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெட்டுவது, விளிம்பு ஒட்டுவது இரண்டையும் திருமுடிவாக்கம் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் கொடுத்தோம். வீட்டிலேயே ஆசாரி வைத்துச் செய்தால் கூலி குறையும், உண்மைதான். ஆனால் விளிம்புப் பட்டையை இயந்திரத்தில் சூடான பசையால் அழுத்தி ஒட்டுவதும், கையால் ஃபெவிகால் தடவி ஒட்டுவதும் ஒன்றல்ல. தண்ணீர் பலகைக்குள் போவது விளிம்பு வழியாகத்தான். பட்டறையில் ஒட்டிய பட்டைகளில் இன்றுவரை ஒன்றுகூட உரியவில்லை. வீட்டில் வைத்துக் கையால் ஒட்டிய லாஃப்ட் கதவுகளில் நாலைந்து இடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

இப்போது ஃபிட்டர், அதாவது வீட்டில் வந்து பொருத்துபவர் விஷயம். நாங்கள் பார்த்தவர்கள் எல்லோருமே போன மாதம் முடித்த வேலையின் படத்தைத்தான் செல்போனில் காட்டினார்கள். புது கிச்சன் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் போட்ட ஒரு வீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டோம். கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்த அண்ணன் மட்டும் உடனே போனை எடுத்து, குரோம்பேட்டையில் ஒரு வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். அந்த வீட்டு அம்மா எந்தத் தயக்கமும் இல்லாமல் வரச் சொன்னார். அங்கே போய் சிங்க் கதவைத் திறந்து மோந்து பார்த்தேன். அடிப்பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். எல்லாக் கதவுகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அப்புறம் அந்த அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "முழுப் பணமும் கொடுத்த பிறகு கூப்பிட்டால் வந்தாராம்மா?" "ரெண்டு வாட்டி வந்தாரும்மா, சர்வீசுக்குன்னு காசு கேக்கலை" என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டோம்.

அளவெடுக்க வந்த அன்று அவர் செய்த முதல் வேலை சுவரைத் தட்டிப் பார்த்ததுதான். செங்கல்லா, உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள லேசான ஏ.ஏ.சி. பிளாக்கா என்று கேட்டார். புதிய அடுக்குமாடிகளில் அந்த பிளாக்தான் அதிகம். அதில் சாதாரண பிளக் அடித்துப் பெட்டியைத் தொங்கவிட்டால் சாமான் ஏற ஏறத் தளர்ந்து வந்துவிடும். அதற்கென்று நீளமான நைலான் ஆங்கர் இருக்கிறது. எங்கள் மேல் பெட்டிகள் முழுக்கப் பருப்பு டப்பாவும் எவர்சில்வர் பாத்திரமும்தான். ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. அடுத்ததாக என்னைக் கையை மடக்கி நிற்கச் சொல்லி முழங்கை உயரத்தை அளந்தார். அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 34 அங்குலம் வைப்பார்கள். நான் ஐந்தடி. எனக்கு 32 வைத்தார். தோசை வார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு அங்குலத்தின் அருமை தெரிகிறது. சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடிப்பலகையே போடாமல், கதவின் கீழ்ப்பகுதியில் காற்றுப் போக வரிசையாகத் துளை விட்டார். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடுதான் தேங்கும். மூடிய பெட்டிக்குள் சிலிண்டரை வைத்துக் கொடுக்கிற யாரிடமும் வேலை கொடுக்காதீர்கள்.

பணம் கொடுத்த முறையும் சொல்ல வேண்டும். கடைகளில் பாதியை அட்வான்ஸாகவும், சாமான் கிளம்பும் முன் மீதியில் பெரும்பகுதியையும் கேட்பார்கள். நாங்கள் பொருத்துக் கூலியில் பத்து சதவீதத்தை, எல்லாக் கதவும் சரியாக மூடி ஒரு மாதம் புழங்கிய பிறகு தருவதாக முதலிலேயே பேசினோம். அவர் மறுக்கவில்லை. ஒரு மாதத்தில் கதவுகள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். வந்து கீல் திருகுகளைச் சரிசெய்துவிட்டு மீதியை வாங்கிக்கொண்டு போனார்.

இனி, சரியாக அமையாதவை. கீழ்ப் பெட்டிகளுக்கு, வெளியே இழுக்கிற கம்பிக் கூடைகளை ஒரு கடையில் வாங்கினோம். 304 தர எவர்சில்வர் என்று சொல்லி, காந்தத்தை வைத்து ஒட்டவில்லை என்று காட்டினார்கள். இரண்டாவது வருடமே பற்றவைத்த இடங்களில் துரு. காந்தச் சோதனையால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. விலை குறைந்த 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. 304-இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். பில்லில் '304' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடை ஐந்து வருட வாரண்டி அட்டை கொடுத்திருந்தது. போன் செய்தால், தண்ணீர் பட்டு வந்த துருவுக்கு வாரண்டி கிடையாது என்றார்கள். அடுக்களைக் கூடையில் தண்ணீர் படாமல் எப்படி இருக்கும்? இப்போது அந்த இடத்தில் பிளைவுட் டிராயர்கள் இருக்கின்றன, 45 கிலோ தாங்கும் சேனலில் ஓடுகின்றன. கழுவ வேண்டாம், துடைத்தால் போதும், தட்டும் டம்ளரும் கம்பி இடுக்கில் விழுவதில்லை. குறைந்த செலவில் செய்கிறவர்கள் கம்பிக் கூடையை யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

கீலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எங்கள் வீட்டில் ஹெட்டிக் கம்பெனிக் கீல்கள், மெதுவாக மூடுகிற வகை. அடுப்புப் பக்கக் கதவுகள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து மூடப்படுகின்றன என்று எண்ண முடியாது. இன்னும் சத்தமில்லாமல் மூடுகின்றன. மூலைக்குச் சுழலும் தட்டு போடச் சொல்லிப் பலரும் வற்புறுத்தினார்கள். அந்த ஒன்றுக்கே இருபதாயிரம் நெருக்கி. வேண்டாம் என்று வெறும் தட்டு அடித்து, வருடத்துக்கு நாலு தடவை எடுக்கிற அண்டாவையும் பெரிய குக்கரையும் அங்கே தள்ளிவிட்டோம். கதவுக்கு மேட் மைக்கா, இளஞ்சாம்பல் நிறம். மஞ்சள் கறை அன்றைக்கே துடைத்தால் போய்விடுகிறது. நிறத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல எதுவுமில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதி முழுக்கத் தண்ணீர். நாங்கள் முதல் மாடி, தப்பித்தோம். தரைத்தளத்தில் இரண்டு வீடுகள். ஒன்றில் மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு கிச்சன். தண்ணீர் வடிவதற்குள் பலகை ஊறிய ரஸ்க் மாதிரி ஆகி, கீலின் திருகுகள் கையோடு வந்தன. கீழ்ப்பகுதி முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டில் பழைய பாணி: கடப்பா கல் தட்டுகள், முன்னால் கதவு மட்டும். அவர்கள் கல்லைக் கழுவிவிட்டு, இரண்டு கதவை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த வாரமே சமைத்தார்கள். தண்ணீர் ஏறுகிற பகுதியில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் மாடுலர் என்ற பெயருக்காக ஏற்கெனவே இருக்கிற கடப்பா கல்லை உடைக்காதீர்கள். நான் இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்வேன். ஷோரூமில் முதல் வேலையாக அதைத்தான் உடைக்கச் சொல்வார்கள்.

திண்டிவனத்தில் அம்மா வீட்டு அடுக்களையை இப்போது அப்படித்தான் செய்யப்போகிறோம். கடப்பா தட்டுகள் அப்படியே இருக்கும். கல்லில் திருகு பிடிக்காது என்பதால் முன்பக்கம் அலுமினியச் சட்டம் அடித்து, அதில் பி.வி.சி. போர்டு கதவுகள். சிங்க் பக்கத்துத் தட்டு ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மூன்று டிராயர்கள், அம்மா குனிய வேண்டாம் என்பதற்காக. அதே ஃபிட்டர் அண்ணன்தான் வருகிறார். போக்குவரத்துச் செலவைத் தனியாகத் தரச் சொல்லியிருக்கிறார், தந்துவிடலாம். அளவெடுத்தாகிவிட்டது, தை பிறந்ததும் வேலை ஆரம்பம்.