லீவ்ஸ்டன் ஹாரி பாட்டர் ஸ்டுடியோ: எங்கே நிற்க வேண்டும், எதை வேகமாகத் தாண்டலாம்

லண்டனுக்கு வடமேற்கே உள்ள லீவ்ஸ்டன், இரண்டாம் உலகப்போரில் விமானங்கள் தயாரித்த இடம். ஹாரி பாட்டர் படங்கள் எட்டுக்கும் அதுதான் தாய்வீடு. 2012 முதல் வார்னர் பிரதர்ஸ் அந்த செட்டுகளை மக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறது. இது தீம் பார்க் இல்லை. ராட்டினத்தை எதிர்பார்த்துப் போகிற பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். ஆனால் ஒரு செட் காகிதத்தில் தொடங்கி கேமரா முன்னால் நிற்கும்வரை என்னென்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அவசியம் போகவேண்டிய இடம்.

வாசலில் டிக்கெட் கிடையாது. ஆன்லைனில் தேதியும் நேரமும் குறித்து வாங்கவேண்டும். விடுமுறைக் காலம் என்றால் மாதக்கணக்கில் முன்கூட்டியே. பெரியவர் கட்டணம் 50 பவுண்டைத் தாண்டும். லண்டனிலிருந்து பேருந்தோடு சேர்த்து விற்கும் பேக்கேஜ்களில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும், அது தேவையில்லை. யூஸ்டன் நிலையத்தில் விரைவு ரயில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் வாட்ஃபர்ட் ஜங்ஷன். அங்கிருந்து ஸ்டுடியோ பேருந்தில் 15 நிமிடம். குறித்த நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பாகவே ஜங்ஷனில் இருங்கள். உள்ளே குறைந்தது நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் வருவது கதையின் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸின் சாப்பாட்டுக் கூடம், கிரேட் ஹால். கூட்டத்தைப் பகுதி பகுதியாகத்தான் விடுகிறார்கள். எல்லாரும் ஆசிரியர் மேடையை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் காலடியைப் பாருங்கள். தரை அசல் யார்க் கல். ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளும் கேமரா தள்ளுவண்டிகளும் மிதித்தாலும் தாங்கவேண்டுமே என்று யோசித்துப் போட்டது. அண்ணாந்து பார்த்தால் கூரையே இருக்காது, விளக்குகள் மட்டும்தான். படத்தில் தெரியும் வானம் பிறகு சேர்த்தது. மிதக்கும் மெழுகுவத்திகளை முதலில் நிஜமாகவே கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். சூட்டில் கம்பி அறுந்து விழ ஆரம்பித்ததும் அந்த வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

அடுத்த கூடத்தில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் அறையின் அலமாரிகளை உற்றுப் பாருங்கள். தோல் அட்டை போட்ட பழங்காலப் புத்தகங்களில் பெரும்பாலானவை டெலிபோன் டைரக்டரிகள். கேமராவுக்கு முதுகு மட்டும் தெரிந்தால் போதும் என்றால் அதற்குமேல் செலவழிப்பதில்லை; கல் பதித்த அதே குழுதான் இதையும் செய்தது. எதற்குக் காசு போடுவது, எதற்குப் போடாமல் விடுவது என்ற அந்தக் கணக்குதான் கலை இயக்கத்தின் (ஆர்ட் டைரக்ஷன்) பாதி. பையன்கள் தூங்கும் அறையின் கட்டில்கள் முதல் படத்துக்குச் செய்தவை. நடிகர்கள் வளர்ந்துவிட்டார்கள், கட்டில் வளரவில்லை. கால் வெளியே நீட்டுவது தெரியாதபடி கோணம் வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். அசையும் ஓவியம் வேண்டிய இடங்களில் சட்டத்துக்குள், பிறகு கம்ப்யூட்டரில் படம் சேர்க்க வசதியாக, பச்சைத் திரை மாட்டியிருப்பார்கள்.

காடு செட்டில் எட்டுக்கால் பூச்சி அராகாக் இறங்கிவரும். கால் விரிப்பு 18 அடி. சின்னப் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள். அவர்களுக்கு மாற்று வழி உண்டு, முன்னாடியே ஊழியரிடம் கேளுங்கள். பச்சைத் திரை முன் துடைப்பத்தில் பறக்கும் வீடியோவைத் தாராளமாகத் தாண்டலாம். வரிசை நீளம், வீடியோ பிரதிக்குத் தனிக் காசு. நடுவில் விற்கும் பட்டர்பியர் என்ற கதையில் வரும் பானம் அதீத இனிப்பு, இருவருக்கு ஒன்று போதும். வெளிமுற்றம் திறந்தவெளி என்பதால் மழைக்கோட்டு கையில் இருக்கட்டும்.

கிரிங்காட்ஸ் வங்கியில், கடைசிப் படத்துக்காகச் செய்த பெட்டகப் பொக்கிஷத்தைத் தேடிப் பாருங்கள். 38,000-க்கும் மேற்பட்ட துண்டுகள், எல்லாம் ரப்பர் கலந்தவை. நடிகர்கள் அந்தக் குவியல்மேல் ஏறி உருளவேண்டும்; உலோகம் என்றால் உடம்பு கிழிந்திருக்கும்.

மந்திரவாதிகளின் கடைத்தெருவான டயகன் ஆலியில் போட்டோ எடுத்துக் களைத்தவர்கள் அடுத்த அறையை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். அது பெரிய நஷ்டம். அங்கேதான் வரைபடங்களும் வெள்ளை அட்டை மாதிரிகளும் இருக்கின்றன. முதலில் ஸ்கெட்ச், பிறகு அளவு போட்ட வரைபடம், அதன்பின் வெள்ளை அட்டையில் வெட்டி ஒட்டிய சின்னஞ்சிறு கட்டடம். இயக்குநர் அதற்குள் குட்டிக் கேமராவை நுழைத்து எந்தச் சுவர் ஷாட்டில் வரும், எது வராது என்று பார்த்துக்கொள்வார். வராத சுவரைக் கட்டவே வேண்டாம். தச்சர் மரத்தில் கை வைப்பதற்குள் பாதிப் பணம் மிச்சமாவது இந்த மேசையில்தான். கூரை ஓடு, ஜன்னல் சட்டம்வரை கத்தியால் கீறியிருக்கும் நுணுக்கத்துக்கு அரை மணி நேரம் கொடுக்கலாம்.

கடைசியில் ஹாக்வார்ட்ஸ் கோட்டை. 24-இல் ஒரு பங்கு அளவு மாதிரி. முதல் படத்துக்காக 86 கலைஞர்களும் தொழிலாளர்களும் செய்தது. ஜன்னல்களுக்குள் 2,500-க்கும் அதிகமான ஃபைபர் ஆப்டிக் விளக்குகள். பகல் இரவாக மாறும் வெளிச்சச் சுழற்சி முழுசாக ஒருமுறை முடியும்வரை நில்லுங்கள். கீழே இறங்கும் சரிவிலிருந்து ஒவ்வொரு உயரத்திலும் பார்த்தால்தான் கேமரா பார்த்த கோட்டை கிடைக்கும்.

அதைத் தாண்டினால் கடை. மந்திரக்கோல் விலை கையைக் கடிக்கும். பிள்ளைகளிடம் பட்ஜெட்டை உள்ளே நுழையும்போதே பேசி முடித்துவிடுங்கள். மாலை நேர டிக்கெட் என்றால் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்றும் அப்போதே கேட்டுவையுங்கள்.