ஆத்தங்குடியா, கானாடுகாத்தானா, கொத்தமங்கலமா?

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில், நகரத்தார் கட்டிய பழைய மாளிகைகளில் எதைப் பார்ப்பது? கையில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆத்தங்குடி பெரிய வீடுதான். சிறு கட்டணம் கொடுத்தால் உள்ளே விடுவார்கள். வண்ணம் தீட்டிய மர விதானத்தைக் கழுத்து வலிக்கப் பார்க்கலாம். ஷூட்டிங் நாளில் விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரே குறை, கூட்டம்.

செட்டிநாட்டு வீடு நவீனத்துக்குத் திரும்பிய கட்டத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்குக் கானாடுகாத்தானில் உள்ள ‘விசாலம்’ என்ற வீடு. 1930களில் ஆர்ட் டெகோ என்ற அன்றைய நவீன பாணியில் கட்டிய வீடு, இப்போது தங்கும் விடுதி. தேக்குச் சிற்பத்தின் இடத்தை நேர்கோடும் வளைவும் எடுத்துக்கொண்ட காலம் அது. ஆனால் முகப்பு, வளவு (அறைகள் சூழ்ந்த திறந்த முற்றம்), இரண்டாம் கட்டு (அதற்கு அடுத்த பின்பகுதி) என்று தெருவிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் பார்வை ஓடும் பழைய அமைப்பை மனதில் வைத்துப் போனால்தான் மாற்றம் புரியும். அதனால் ஆத்தங்குடியை முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

பழுதுபார்த்த விதம்தான் முக்கியம் என்றால் எங்கள் வாக்கு கொத்தமங்கலம் சாரதா விலாஸுக்கு. 1910 வாக்கில் கட்டிய வீடு. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் மீட்டெடுத்து விடுதியாக்கியிருக்கிறார்கள். இங்கும் விசாலத்திலும் முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப நேரலாம்.

எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரின் அடியைப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயர்ந்து நின்றால் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே தேங்கிய ஈரம் உப்போடு சேர்ந்து பூச்சைத் தள்ளிவிடும். முட்டை வெள்ளைக்கரு கலந்து கல்லால் தேய்த்த பழைய பூச்சு, கை வைத்தால் பளிங்குபோலக் குளிரும். அதன்மேல் எனாமல் பெயிண்ட் அடித்தவரை மன்னிக்க முடியாது.

தரையில் ஆத்தங்குடிக் கல், அதாவது அந்த ஊரில் கையால் செய்யும் வண்ண சிமெண்ட் ஓடு, வெளிறிக் கிடந்தால் ஆசிட் விட்டுக் கழுவியிருப்பார்கள். கண்ணாடிமேல் வார்த்து எடுத்த மேல்பரப்பு அது. ஆசிட் சிமெண்டை அரிக்க, நிறமும் போய்விடும். அந்தத் தரை பளபளக்கத் தேங்காய் எண்ணெய்த் துணியும் ஆள் நடமாட்டமும் போதும்.

காலை 9 முதல் 11 வரை வளவில் வெளிச்சம் அருமையாக இருக்கும். செருப்பை முகப்பிலேயே கழற்ற வேண்டும். உச்சிவெயிலில் திறந்த முற்றத்துக் கல் காலைச் சுட்டுவிடும்.