கழிவுக்குழாய்க்குள் லைனர் போடக் கையெழுத்து வைக்கும் முன் இதை வாசியுங்கள்

ரொறன்ரோவில் ஸ்காபரோவிலும் நோர்த் யோர்க்கிலும் பழைய வீடு வாங்கி இருக்கிற எங்கட சனத்துக்காக இதை எழுதுகிறேன். போன ஒக்டோபரிலிருந்து இந்த ஏப்ரல் வரைக்கும் எங்கள் வீட்டுக் கழிவுக்குழாய்க்காக 24,000 டொலருக்குக் கிட்டப் போய்விட்டது. அதில் 14,800 டொலர், கிண்டாமல் குழாய்க்குள்ளே போட்ட ஒரு லைனருக்கு, அதாவது பழைய குழாய்க்குள்ளேயே இறுக வைக்கும் ஒரு உள்ளுறைக்கு. மிச்சம் அந்த லைனர் செய்த கேட்டைத் திருத்துவதற்கு.

எங்கள் வீடு 1957 இல் கட்டியது. அந்தக் காலத்து ரொறன்ரோ வீடுகள் பலவற்றைப் போல, தெருவுக்குப் போகும் கழிவுக்குழாய் நாலு அங்குலச் சுட்ட மண் குழாய். நீளமான ஒரே குழாய் அல்ல. குட்டிக் குட்டித் துண்டுகளாக ஒன்றுக்குள் ஒன்று செருகி, பொருத்துகளைச் சாந்தால் அடைத்திருப்பார்கள். அறுபது வருடத்தில் சாந்து கழன்றுவிடும். முன்னால் நிற்கிற மேப்பிள் மரத்தின் வேர் ஈரத்தைத் தேடி அந்த இடுக்கால் உள்ளே வரும். பிறகு கடதாசியும் கொழுப்பும் வேரில் சிக்கி அடைக்கும். எங்களுக்கு நடந்ததும் இதுதான். ஒரு சனிக்கிழமை பின்னேரம் பேஸ்மென்ட் தரையில் இருக்கிற வடிகால் வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது. கீழே இரண்டு மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களின் படுக்கை விரிப்பு, புத்தகம் எல்லாம் நனைந்துவிட்டது.

நான் செய்த முதல் பிழை இங்கேதான். மாநகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கவில்லை. வீட்டு எல்லை வரைக்குமான குழாய் வீட்டுக்காரரின் பொறுப்பு, எல்லையிலிருந்து தெருப் பக்கம் மாநகரசபையின் பொறுப்பு. அடைப்பு எந்தப் பக்கம் என்று பார்க்க முதலில் மாநகரசபையைத்தான் கூப்பிட வேண்டும். அது தெரியாமல், 99 டொலருக்கு அடைப்பு எடுத்து, கமராவும் இலவசமாக விட்டுப் பார்ப்போம் என்று தமிழில் விளம்பரம் போட்டிருந்த இடத்துக்கு எடுத்தேன்.

வந்தவர் எங்கட ஆள். முப்பது வயது இருக்கும். அம்மா அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அவரும் "அம்மா, உங்கட கை உழுந்து வடை போல ஒண்டு இஞ்ச எங்கயும் கிடைக்காது" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். அரை மணித்தியாலத்தில் அடைப்பை எடுத்தார்கள். பிறகு கமராவை விட்டார்கள். சின்னத் திரையில் உடைந்த குழாய், மண், வேர் எல்லாம் தெரிந்தது.

"அக்கா, லைன் முழுக்கக் கொலப்ஸ். இண்டைக்கோ நாளைக்கோ அத்திவாரத்துக்குக் கீழ மண் கரையத் தொடங்கும். பிறகு வீட்டையே தூக்கி நிறுத்த வேண்டி வரும்."

எனக்குக் கை நடுங்கியது. என்ர கணவர் வேலையால் வர இரவு பத்தாகும். பத்து மணிவரை பொறுங்கள் என்று கேட்டேன்.

"பொறுக்கலாம் அக்கா. ஆனா இந்த 3,000 டொலர் விலைக்கழிவு இண்டைக்கு மட்டும்தான். கிண்டத் தேவையில்லை. லைற் போட்டு உள்ளுக்கையே புதுக் குழாய் செய்து தாறம். ஜேர்மன்காரன்ர புத்தம் புதுக் கண்டுபிடிப்பு. அம்பது வருச உத்தரவாதம்."

அவர் நீட்டிய ரப்லெற்றில் விரலால் கையெழுத்துப் போட்டேன். 7,400 டொலர் முற்பணம் கடனட்டையில் போனது.

இப்போது எனக்கு விளங்குவது அன்றைக்கு விளங்கியிருந்தால் அந்த இடத்திலேயே அவரை எழும்பச் சொல்லியிருப்பேன். கிண்டாமல் லைனர் போடுவதற்குக் குழாய் குழாயாக இருக்க வேண்டும். வெடித்திருக்கலாம், பொருத்து விலகியிருக்கலாம், ஒரு துண்டு விழுந்திருக்கலாம். ஆனால் உண்மையிலேயே நொறுங்கி அமர்ந்துவிட்ட குழாய்க்குள் லைனர் போகாது. அந்த இடத்தைக் கிண்டித்தான் ஆக வேண்டும். "முழுக்கக் கொலப்ஸ்" என்பதையும் "கிண்டத் தேவையில்லை" என்பதையும் ஒருவர் ஒரே மூச்சில் சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

அந்த முறையில் பிழை சொல்ல வரவில்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு நடந்ததைக் கேட்ட சொந்தக்காரர் இருவர் "லைனரே ஏமாற்று" என்று சொல்லித் திரிகிறார்கள். அது சரியில்லை. குழாய்க்குள் பிசினில் ஊறிய உறையை விட்டு இறுக வைப்பது 1971 இல் லண்டனில் எரிக் வூட் என்ற பொறியியலாளர் தொடங்கிவைத்த வழி. வெளிச்சத்தால் இறுக வைப்பது அதன் பிந்திய வடிவம். கம்பளம் போன்ற துணியிலோ கண்ணாடி இழையிலோ செய்த நீண்ட உறையை ஒரு பிசினில் ஊற வைப்பார்கள். அந்தப் பிசின் வெளிச்சம் பட்டால் இறுகும், அதனால் இருட்டில் மூடிக் கொண்டுவருவார்கள். அந்த உறையைக் குழாய்க்குள் இழுத்து விடுவார்கள், அல்லது காலுறையை உள்வெளியாகப் புரட்டுவது போலக் காற்றழுத்தத்தால் உள்ளே தள்ளுவார்கள். உள்ளே காற்று ஊதிய பை அதைக் குழாய்ச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்கும். பிறகு விளக்குகள் கட்டிய ஒரு கோர்வையை, அந்த உறைக்கென்று தயாரிப்பாளர் சொன்ன வேகத்தில் மெதுவாக இழுப்பார்கள். விளக்குப் போகப் போகப் பிசின் கல்லாகும். முடிவில் பழைய குழாய்க்குள் பொருத்தே இல்லாத ஒரு புதுக் குழாய். வேருக்கு நுழைய இடுக்கு இல்லை. முற்றம் கிண்டுவதில்லை, மரம் வெட்டுவதில்லை.

வெப்பத்தாலோ தானாகவோ இறுகும் பிசின் கலந்த நேரத்திலிருந்தே இறுகத் தொடங்கிவிடும். வெளிச்சத்தில் இறுகுவது விளக்கு எரியும்வரை மெதுமையாகவே இருக்கும். உறை சுருங்கிவிட்டதா, முறுகிவிட்டதா என்று கமராவில் பார்த்து, பிழை என்றால் இழுத்து எடுத்துவிடலாம். விளக்குப் போட்டு இறுகிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே இந்த வேலையின் முழு நாணயமும் விளக்கு எரிய முன் செய்கிற வேலையில்தான் இருக்கிறது: வேரைச் சங்கிலி வெட்டியால் சுரண்டி எடுப்பது, அழுத்தத் தண்ணீரால் கழுவுவது, கிளைக்குழாய்கள் எத்தனையாவது அடியில் சேர்கின்றன என்று அளந்து குறிப்பது.

எங்கள் வீட்டில் அதற்கு மொத்தம் இருபது நிமிடம். மூன்றாம் நாளே வந்துவிட்டார்கள். அவ்வளவு கெதியாக வந்ததை நான் நல்ல சேவை என்று நினைத்தேன். ஒன்ராரியோவில் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட இப்படியான ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமை எனக்கு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. அது தெரியவர முதலே லைனர் உள்ளே போய்விட்டது.

வேலை நடக்கும்போது வீடு முழுக்கப் பசை போலக் கூர்மையான ஒரு மணம். அம்மாவுக்குத் தலையிடி வந்து பக்கத்து வீட்டில் போய் இருந்தார். அந்த மணம் சில வகைப் பிசினில் இருந்து வருவது. பாவிக்காத வடிகாலின் வளைவில் தண்ணீர் வற்றியிருந்தால் ஆவி நேரே வீட்டுக்குள் ஏறும். வேலை தொடங்க முன் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு வேலை முடிந்தது, மிச்சக் காசும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முடிந்த பிறகு எடுத்த வீடியோவைக் கேட்டேன். "அனுப்பி விடுறன் அக்கா" என்றார். இன்றுவரை வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து, உடுப்புத் தோய்க்கும் மெசினைப் போட்டவுடன் பேஸ்மென்ட் வடிகாலில் மறுபடியும் தண்ணீர் வந்தது. மேலே குளியலறை, குசினி எல்லாம் சரியாக ஓடியது. கீழே மட்டும்தான் இப்படி. எட்டுத் தடவை அழைத்தேன். முதலில் "வாறம்" என்றார்கள். பிறகு "அது லைனர்ப் பிரச்சினை இல்லை, உங்கட வீட்டுக்குள்ள இருக்கிற பிரச்சினை" என்றார்கள். பிறகு தொலைபேசி எடுபடவே இல்லை.

கடைசியில் லைனர் விற்காத, கமரா மட்டும் விடுகிற வயதான போர்த்துக்கீசப் பிளம்பர் ஒருவரைப் பிடித்தோம். 350 டொலர். அவர் தொடங்க முன்பே திரையில் எங்கள் முகவரியையும் திகதியையும் எழுதினார். கமரா உள்ளே போகப் போக, எத்தனை அடி போயிருக்கிறது என்ற அடிக்கணக்குத் திரையின் மூலையில் ஓடியது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது: முதல் நாள் காட்டிய திரையில் முகவரியும் இல்லை, அடிக்கணக்கும் இல்லை. அது எங்கள் வீட்டுக் குழாய்தானா என்றே இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் காட்டியதை அப்படியே சொல்கிறேன். ஆறாவது அடியில், பேஸ்மென்ட் வடிகாலும் தோய்க்கிற இடமும் வந்து சேர்கிற கிளைக்குழாயின் வாய். அதை மூடிக்கொண்டு லைனர் போயிருந்தது. லைனர் போட்டால் கிளைகளின் வாய் மூடுவது வழமை. பிறகு உள்ளே ஒரு வெட்டும் கருவியை அனுப்பி அந்த இடத்தைத் திறக்க வேண்டும். அதைச் செய்யவே இல்லை. பத்தொன்பதாவது அடியில் எடுக்காமல் விட்ட வேர்க்கட்டி, அதன் மேலே லைனர் புடைத்து நின்றது. இருபத்தொன்பதில் இரண்டு அடிக்குப் பிசின் இறுகவில்லை. கமராத் தலையால் மெல்லத் தட்டியபோது அது அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன். விளக்கை அவசரமாக இழுத்திருப்பார்கள், அல்லது ஒரு விளக்கு எரிந்திருக்காது, இழுத்த வேகமும் காற்றழுத்தமும் எழுதிய பதிவு இருந்தால்தான் எதென்று சொல்லலாம் என்றார். அப்படி ஒரு பதிவு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

முப்பத்து மூன்றிலிருந்து முப்பத்தொன்பதாவது அடி வரைக்கும் கமரா தண்ணீருக்குள் மூழ்கியது. குழாய் அந்த இடத்தில் கீழே தொய்ந்து வயிறு வைத்திருந்தது. லைனர் பழைய குழாயின் வடிவத்தைத்தான் எடுக்கும். தொய்வு தொய்வாகவே இருக்கும், கழிவு அதில் தேங்கிக்கொண்டே இருக்கும். தொய்ந்த துண்டைக் கிண்டி, சரிவு பார்த்துப் புதிதாக வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. முதல் கமரா எங்கள் குழாய்க்குள்தான் போயிருந்தால் அதைக் காணாமல் இருந்திருக்க முடியாது. கடைசியாக, எல்லை வரை 52 அடி என்று அடிக்கணக்கில் காசு வாங்கிய லைனர் 47 அடியோடு நின்றுவிட்டது.

கிளைக்குழாயின் வாயைத் திறக்க இன்னொரு கொம்பனிக்கு 1,900. இறுகாத துண்டையும் தொய்ந்த துண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு அடி கிண்டிப் புதுக் குழாய் வைக்க 6,900. கிண்டாமல் இருப்பதற்காகக் கொடுத்த காசுக்கு மேலே, கிண்டுவதற்கும் கொடுத்தோம். அம்மா நட்ட செவ்வந்திப் பாத்தி போய்விட்டது.

அந்த அம்பது வருச உத்தரவாதத்தை மகளோடு இருந்து வரி வரியாக வாசித்தேன். வேர், மண் இறக்கம், "முன்பே இருந்த நிலைமைகள்" எதுவும் அதில் சேராது. பிறகு எதற்குத்தான் உத்தரவாதம்? விளம்பரத்தில் இருந்த கொம்பனிப் பெயர் வேறு, ஒப்பந்தத்தில் இருந்த பெயர் வேறு. ஐம்பது வருடம் பொறுப்பெடுக்க அந்தப் பெயர் ஐந்து வருடமாவது இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களுக்கு இப்படி ஒன்று வந்தால், அன்றைக்கு அடைப்பை மட்டும் எடுக்கச் செய்து அனுப்பிவிடுங்கள். அடைப்பு எடுத்த குழாய் பெரும்பாலும் சில கிழமையாவது ஓடும். அந்த இடைவெளியில், லைனர் விற்காத ஒருவரைக் கொண்டு முகவரியும் அடிக்கணக்கும் தெரியும் வீடியோ எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதே வீடியோவைக் காட்டி இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். தொய்வு இருக்கிறதா, எத்தனை கிளை, யார் திறப்பது, எந்த அடியிலிருந்து எந்த அடி வரை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும். வேரை எடுத்துக் கழுவிய பிறகு ஒரு வீடியோ, விளக்குப் போட்ட பிறகு ஒரு வீடியோ, இழுத்த வேகத்தின் பதிவு, இந்த மூன்றும் கைக்கு வராமல் கடைசித் தொகையைக் கொடுக்க வேண்டாம். எழுதிக் கொடுத்த மதிப்பீட்டை விட 10 சதவீதத்துக்கு மேல் உங்கள் சம்மதம் இல்லாமல் ஒன்ராரியோவில் கேட்கவும் முடியாது. தமிழில் கதைக்கிறார், அம்மாவை அம்மா என்று கூப்பிடுகிறார் என்பதற்காக இதில் ஒன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் விட்டது அதனால்தான்.

மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். சிறு கோரிக்கை நீதிமன்றத்திலும் வழக்குப் போட்டிருக்கிறோம், திகதி இன்னும் வரவில்லை. போர்த்துக்கீசப் பிளம்பர் எடுத்த வீடியோவும், திருத்தின பிறகு எடுத்த வீடியோவும் என்னிடம் இருக்கின்றன. வேர் எப்படித் தெரியும், வெடிப்பு எப்படித் தெரியும், தொய்வில் தண்ணீர் எப்படித் தேங்கி நிற்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். ஆங்கிலம் கஷ்டமான வயதானவர்கள் யாராவது இப்படி ஒப்பந்தத்தோடு இருந்தால் அவர்களையும் என்னோடு தொடர்புபடுத்திவிடுங்கள். 10 நாள் முடிய முன் என்றால் ரத்துக் கடிதம் எழுத நானும் மகளும் உதவி செய்கிறோம்.