வன்னி வெயிலுக்கு ஓனிங் சீலை: நாமே மாற்றக்கூடிய வினைல் செற் எப்படி?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வானின் பக்கச் சுவரில் பொருத்தி, நிழலுக்காகக் கையால் இழுத்து விரிக்கிற, ஸ்பிறிங் உருளை உள்ள ஓனிங்குகளுக்கு இணையத்தில் விற்கப்படும் வினைல் மாற்றுச் சீலை வன்னிக்குத் தோதான சாமான். ஆனால் வெயில் காப்புப் பட்டை சேர்ந்த சீலையாக இருந்தால் மட்டும்தான். பட்டை இல்லாத சீலை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஏன் என்று விளங்க, உங்கள் பழைய சீலை எங்கே கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். அனேகமாக நடுவில் இராது. வானின் சுவரோடு ஒட்டிய பக்கத்தில், சீலையைச் சுவரில் பிடித்திருக்கிற றெயிலிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கும். ஓனிங்கைச் சுருட்டி வைக்கும்போது வெளிச்சுற்றாக நிற்பது அந்த ஒரு முழம்தான். வான் ஓடும்போதும் முற்றத்தில் நிற்கும்போதும் வெயிலை வாங்குவது அதுவே. வினைலை இளக்கமாக வைத்திருக்கிற பதார்த்தம் வெயிலில் வெளியேறிவிட, அந்தப் பகுதி முதலில் வெளிறும், பிறகு மாப்போலக் கையில் ஒட்டும், பிறகு வெடிக்கும். உள்ளே சுருண்டிருந்த மிச்சச் சீலை புதுசு போலக் கிடக்கும். மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் இடையில் மத்தியான வெயிலில் ஓடும் வானுக்கு இது கெதியாகவே வரும்.

காப்புப் பட்டை இரண்டு வகை. ஒன்று, சீலையின் மேல் ஓரத்தில் உருக்கி ஒட்டிய தடித்த வினைல். மற்றது, சுருளை வெளியே இருந்து மூடுகிற ஒடுக்கமான அலுமினியத் தகடுகள். வெயிலுக்கு அலுமினியமே திறம். ஆனால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டு வழியால் போகிற வானில் கொப்புகள் உரசித் தகடு நெளியும். நெளிந்த தகடு சுருளும்போது சீலையைக் கீறும். ஏ9 வீதியோடு நிற்கிற வானுக்கு அலுமினியம், உள் வீதிகளுக்கு வினைல் என்பது எங்கள் கணிப்பு. அலுமினியப் பட்டையைத் தெரிவுசெய்தால், உங்கள் உருளைக்கும் அதைத் தாங்குகிற ஓனிங் கைகளுக்கும் அது பொருந்துமா என்று விற்பவரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

சீலை வகைக்கு வருவோம். தறப்பாளைப் பற்றி வன்னிச் சனத்துக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. இடப்பெயர்வுக் காலத்தில் அதன் கீழேயே குடும்பம் நடத்தினவர்கள். மடிப்பில்தான் முதலில் வெடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த நீலத் தறப்பாளை ஓனிங் உருளையில் போட நினைக்க வேண்டாம். லொறிக்குப் போடும் தடித்த பிவிசி தறப்பாள் உறுதியானது, ஆனால் பாரம் கூட. 10 அடி ஓனிங்கின் சீலை ஏறக்குறைய 2.8 மீற்றர் அகலம், 2.4 மீற்றர் நீளம். அதாவது கிட்டத்தட்ட 6.7 சதுர மீற்றர். வினைல் ஓனிங் சீலை சதுர மீற்றருக்கு 440 முதல் 540 கிராம் வரை நிறுக்கும். முழுச் சீலையும் 3 முதல் 3.6 கிலோ. 650 கிராம் லொறித் தறப்பாளில் அதே அளவு வெட்டினால் 4.4 கிலோ. ஸ்பிறிங் அந்தப் பாரத்துக்குச் செய்யப்படவில்லை. கடைசிச் சுற்று ஏறாமல் தொங்கும். ஓட்டோ குசன் கடையில் றெக்சினில் தைப்பிப்பதிலும் இதே பிரச்சினை இருக்கிறது. அதோடு றெக்சினின் பின்புறத் துணி தண்ணீரைக் குடித்துச் சுருளுக்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

அக்ரிலிக் வேறு சாதி. சன்பிரெல்லா போன்ற துணிகளில் நூலுக்கே சாயம் ஊறியிருப்பதால் நிறம் இலேசில் போகாது. சதுர மீற்றருக்கு 310 கிராம் அளவுதான். காற்று ஊடுருவும், கெதியில் காயும், கீழே இருக்கிறவர்களுக்கு வெக்கையும் குறைவு. ஆனால் மழையில் உட்பக்கத்தைக் கையாலோ தலையாலோ தொட்டால் தொட்ட இடத்தில் கசியத் தொடங்கும். செம்மண் புழுதியும் நெசவுக்குள் போய் இருந்துவிடும். தையலுக்கு என்ன நூல் போட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்: சாதாரண பொலியெஸ்ரர் நூல் துணிக்கு முந்தியே வெயிலில் செத்துவிடும், பிரிஎப்ஈ (PTFE, ரெப்லோன் வகை) நூல் தாங்கும். ஒரே இடத்தில் கனநாள் விரித்து வைத்திருக்கிற வானுக்கு அக்ரிலிக்கைச் சொல்வேன். ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையில் கீழே அடுப்பு மூட்ட வேண்டுமானால் வினைல்தான்.

அளவில்தான் கூடுதலானவர்கள் பிழை விடுகிறார்கள். 10 அடி ஓனிங் என்றால் சீலை 10 அடி அல்ல. அந்த 10 அடி, ஓனிங்கின் ஒரு கையின் நடுவிலிருந்து மற்றக் கையின் நடு வரை எடுக்கிற அளவு. டொமெற்றிக் ஏ அண்ட் ஈ வகை ஓனிங்குகளில் சீலை அதைவிட ஏறக்குறைய 10 அங்குலம் குறைவு. வேறு கம்பனிகளின் கணக்கு வேறு. ஆகவே விரித்து வைத்து, உருளைப் பக்கம் சீலையின் ஓரத்திலிருந்து ஓரம் வரை நேரடியாக அளந்து எழுதுங்கள். அடுத்தது ஓரக் கயிறு. சீலையின் இரு ஓரத்திலும் உள்ளே ஓடுகிற அந்த உருண்ட பிளாஸ்ரிக் கயிறுதான் சீலையைத் தவாளிப்பில் (உருளையிலும் றெயிலிலும் ஓடுகிற நீளப் பள்ளத்தில்) பிடித்து வைத்திருக்கிறது. 5, 6, 7 மில்லிமீற்றர் என்று வித்தியாசமான பருமனில் வரும். ஒரு மில்லிமீற்றர் கூடினால் உள்ளே போகாது. ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் முதல் பெரிய காற்றில் கழன்று வரும். பழைய கயிற்றில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வேணியர் இடுக்கிமானியால் அளவுங்கள். றெயில் பக்கமும் உருளைப் பக்கமும் ஒரே பருமன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செற்றில் அனேகமாகச் சீலையும் முன்னால் தொங்குகிற கரைத் துண்டும் மட்டுமே வரும். றிவெற், திருகாணி எதுவும் இராது. பழைய றிவெற்றின் விட்டத்துக்கே அலுமினிய பொப் றிவெற், றெயில் முனைகளுக்குத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி, உருளை சுழலாமல் தடுக்க இரண்டு கொட்டர் பின், உலர் சிலிக்கன் ஸ்பிரே ஒரு ரின், சிலிக்கன் சீலன்ற் ஒரு குழாய் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். டிறில், றிவெற் கன், இரண்டு வைஸ் கிறிப், இரண்டு ஏணி, உருளையைக் கிடத்த இரண்டு மரக்குதிரை. ஆக்கள் மூன்று பேர் கட்டாயம்.

வேலையை விடியக் காலையில் தொடங்குங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு அரைவாசி ஏறிய சீலை பாய் மாதிரி இழுக்கத் தொடங்கும். ஏணியில் நிற்பவருக்கு அது ஆபத்து.

ஓனிங்கை ஒரு மீற்றர் அளவு விரித்து, உருளையின் ஒரு முனையில் உள்ள ராட்செற் நெம்பைப் பூட்டுங்கள். மற்ற முனையில், முனைமூடியின் துளையும் உள்ளே உள்ள துளையும் நேருக்கு வரும்போது கொட்டர் பின்னைச் செருகுங்கள். கொட்டர் பின் இல்லாமல் ஓனிங் கையைக் கழற்றினால் ஸ்பிறிங் முழு வேகத்தில் சுழன்று கையின் இரும்பைச் சுழற்றி அடிக்கும். விரல் முறிவதும் பல் போவதும் இந்த ஒரு இடத்தில்தான். இதில் அவசரமே கூடாது.

பின் போட்ட பிறகு வானின் றெயிலில் இரு முனையிலும் சீலையைப் பிடித்திருக்கிற திருகாணிகளை எடுங்கள். முல்லைத்தீவு, நாயாற்றுப் பக்கம் உப்புக் காற்றில் நின்ற வானில் அவை துருவேறி இறுகியிருக்கும். முதல் நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வைப்பது நல்லது, எண்ணெய் சீலை ஏறும் பகுதியில் நின்றால் துடைத்துவிட வேண்டும். கீழ்க் கால்களைக் கழற்றி, இரண்டு பேர் ஓனிங் கைகளோடு சேர்த்து உருளையைத் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவர் ஏணியில் நின்று சீலையைத் தவாளிப்பால் வழிநடத்த, அப்படியே பக்கவாட்டில் நடந்தால் கழன்று வரும். மரக்குதிரைகளில் கிடத்துங்கள். உருளையில் மூன்று தவாளிப்பு இருக்கும்: ஒன்று சீலைக்கு, ஒன்று தொங்கல் கரைக்கு, மற்றது மேலதிகச் சாமான் மாட்ட. எதில் எது இருந்தது, எந்தப் பக்கமாகச் சுற்றியிருந்தது என்பதை மார்க்கரால் உருளையிலேயே எழுதி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிழையான தவாளிப்பில் ஏற்றினால் முழு வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும்.

இனி ஸ்பிறிங். முனையின் தண்டை வைஸ் கிறிப்பால் இறுகப் பிடித்து, பின்னை எடுத்து, ஒவ்வொரு சுற்றாக, ஒரு கையை விடாமல் மறுகை மாற்றித் தளர்த்துங்கள். சத்தமாக எண்ணுங்கள், மற்றவர் எழுதட்டும். திரும்ப முறுக்க வேண்டிய எண்ணிக்கை அதுதான். ஓனிங்கின் நீளத்துக்கு நீளம் அது மாறுவதால் வேறொருவரின் எண்ணைக் கேட்டுச் செய்யாதீர்கள். மற்ற முனைக்கும் இதே முறை. ஒவ்வொரு முனையையும் அதன் எதிரே நின்று பார்த்தால் முறுக்குத் திசை ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். திசையையும் அம்புக்குறியாகக் கீறி வையுங்கள்.

றிவெற்றுகளின் தலையை டிறிலால் எடுத்து ஒரு முனைமூடியை மட்டும் கழற்றினால் போதும். பழைய சீலையை இழுத்தெடுத்த பிறகு தவாளிப்பைப் பாருங்கள்: குளவி மண், செம்மண், காய்ந்த பூச்சி எல்லாம் இருக்கும். காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, தவாளிப்பின் வாய் விளிம்பை அரத்தால் இலேசாக மழுக்குங்கள். புதுச் சீலை ஏறும்போதே கிழிகிற அனேகமான கிழிசல் அந்த வாயில் நடப்பது. பிறகு சிலிக்கன் ஸ்பிரே. கிறீஸோ எண்ணெயோ போட வேண்டாம்; வினைலைக் கெடுக்கும், புழுதியையும் பிடித்து வைக்கும்.

கயிற்றை வாயில் ஒருவர் நேராகப் பிடிக்க, மற்றவர் மறுபுறமிருந்து சமமாக இழுக்க, நீரோட்டம் போல ஏற வேண்டும். இறுகினால் பலம் போடாமல் பின்னுக்கு எடுத்துத் திரும்பச் செருகுங்கள். தொங்கல் கரை ஏறியதும் முனைமூடியைப் பழைய துளைகளுக்கு நேராக்கி றிவெற் அடித்து, சீலையைச் சுருக்கமில்லாமல் உருளையில் சுற்றி, எழுதிய எண்ணிக்கைக்கு ஸ்பிறிங்கை முறுக்கிப் பின்னைப் போடுங்கள். சுற்றுக் குறைந்தால் சீலை தொய்ந்து முழுதாகச் சுருளாது. கூடினால் விரிக்கவே கை நோகும், மூடும்போது அடித்துக்கொண்டு ஏறும்.

வானில் ஏற்றிய பிறகு முனைத் திருகாணியை உடனே இறுக்காதீர்கள். இரு பக்கமும் இடைவெளி சமமா என்று அளந்து, பின்னை எடுத்து, ஒருதரம் முழுதாக விரித்துச் சுருட்டிப் பாருங்கள். சுருளும்போது ஒரு பக்கமாக நகர்ந்து போனால் சீலை நடுவில் இல்லை. தவாளிப்பில் அரை அங்குலம் தள்ளினாலே சரிவரும். நேராகச் சுருண்ட பிறகுதான் திருகாணி. துளைக்குள் சீலன்ற் வைத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் மாரியில் தண்ணீர் அந்த வழியால் சுவருக்குள் போகும். புது வினைலில் இருக்கும் மடிப்புக் கோடுகளுக்கு ஸ்திரிக்கைப் பெட்டி வேண்டாம். வெயிலில் விரித்து விட்டால் தானாகப் போய்விடும்.

மழை நேரத்தில் ஓனிங்கின் ஒரு பக்கக் காலைக் கட்டாயம் தாழ்த்தி வையுங்கள். ஒரு சதுர மீற்றர் இடத்தில் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் 50 லீற்றர், அதாவது 50 கிலோ. ஓனிங் கை வளைவதும் றெயில் வானிலிருந்து பிடுங்கி வருவதும் அதனால்தான்.

துப்புரவுக்கு வினைலுக்கு இளஞ்சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். தார், பாலைப்பழப் பால் ஒட்டினால் மண்ணெண்ணெயோ தின்னரோ போடுவது எங்கள் பக்கப் பழக்கம்; வினைலில் அது கூடாது. பாலை பழுக்கிற காலத்தில் அந்த மரத்தடியில் வானை விடாமல் இருப்பதே மேல். பழமும் ஒட்டும், பழத்துக்கு வருகிற குரங்கு சீலையிலும் குதிக்கும். அக்ரிலிக்கில் பூஞ்சணம் பிடித்தால் 3.8 லீற்றர் தண்ணீருக்கு 240 மில்லிலீற்றர் ப்ளீச், 60 மில்லிலீற்றர் இளஞ்சவர்க்காரம் கலந்து தெளித்து, 15 நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவிடலாம். இந்தக் கலவையை வினைலுக்குப் பாவிக்க வேண்டாம். எந்தச் சீலையானாலும் ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால், மழை விட்டதும் திரும்ப விரித்து உணர்த்துங்கள்.

மோட்டாரால் விரிகிற ஓனிங்குக்கு இங்கே சொன்ன ஸ்பிறிங் முறை பொருந்தாது. மோட்டார் உள்ள முனையின் கழற்றும் ஒழுங்கு மொடலுக்கு மொடல் வேறு. அதன் கைநூல் கையில் இல்லாமல் றிவெற்றில் டிறிலை வைக்காதீர்கள்.