சுயசான்று பிளான் அப்ரூவல்: வேகம் சூப்பர், ஆனா செக்கிங் நம்ம தலையில

தமிழ்நாடு அரசோட சுயசான்று திட்டத்துல தங்கச்சி வீட்டுக்கு பிளான் அப்ரூவல் எடுத்தோம், சென்னை புறநகர்ல ஏரிக்கு கொஞ்சம் தள்ளி ஒரு ஊராட்சி. 5க்கு மூணரை குடுக்கலாம்.

யாருக்குன்னு முதல்ல சொல்லிடறேன். 2024 ஜூலைல ஆரம்பிச்சப்ப வச்ச வரம்பு இது: மனை 2,500 சதுரடிக்குள்ள, கட்டடம் 3,500 சதுரடிக்குள்ள, தரைத்தளம் மட்டும் இல்ல தரைத்தளமும் அதுக்கு மேல ஒரு மாடியும், குடியிருக்க மட்டும். பத்திரம், பட்டா, எஞ்சினியர் போட்ட பிளான், மனை போட்டோ எல்லாம் ஏத்தி பணத்த கட்டிட்டா ஆர்டர் கையோட வந்துடுது, கட்டுறதுக்கு முன்னாடி யாரும் இடத்த பாக்க வர்றதில்ல, முடிச்சப்புறம் கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டும் வேணாம். யார் பின்னாடியும் அலையல, "அண்ணே கொஞ்சம் பாத்து பண்ணுங்க"ன்னு யாருகிட்டயும் கெஞ்சல, இதுக்கே ரெண்டு ஸ்டார் போடலாம்.

கட்டணம்தான் கொஞ்சம் உறுத்துது. பரிசீலனை கட்டணம், உட்கட்டமைப்பு கட்டணம் எல்லாம் கிடையாதுன்னு விளம்பரம் பண்ணாங்க, ஆனா சேத்து ஒரே தொகையா சதுரடிக்கு இவ்ளோன்னு வாங்கிக்கிறாங்க. சென்னை மாநகராட்சின்னா சதுரடிக்கு 100 ரூபா, ஆயிரம் சதுரடிக்கே ஒரு லட்சம் ஆச்சு பாருங்க. ஊராட்சில ரொம்ப கம்மி, நாங்க தப்பிச்சோம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஆபீசர் வரமாட்டாருன்னா அவர் பாக்க வேண்டியத நாமதான் பாக்கணும், அதான் சுயசான்று. செட்பேக், அதாவது வீட்ட சுத்தி விட வேண்டிய காலி இடம், சரியா விட்டோமா, மழைநீர் சேகரிப்பு தொட்டி போட்டோமா, எல்லாத்துக்கும் நம்ம கையெழுத்து. தப்பா சொல்லி வாங்கினா அனுமதி செல்லாது. முன்னாடி வந்தவங்க மட்டும் ஒழுங்கா பாத்தாங்களான்னு கேட்டா அது வேற கதை, விடுங்க.

சுற்றுச்சூழல் அனுமதி இந்த மாதிரி வீட்டுக்கு எப்பவுமே தேவப்பட்டதில்ல. மத்திய அரசோட 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.15 லட்சம் சதுரடிக்கு மேல போனாதான் மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு போகணும். சரி, ஒரு வீட்டுக்கு அது தேவையில்லதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரே ஏரிய சுத்தி வீடு வீடா தனித்தனியா வரும்போது மொத்தமா தண்ணி எங்க போகும்னு யாரு கணக்கு பாக்குறா? 2015 வெள்ளத்துல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருந்தவங்கள கேளுங்க.

அப்புறம் திடீர்னு மொத்தமா பிரேக் போடுவாங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் லிஸ்ட்ல வந்துச்சு, 2025 செப்டம்பர்ல பசுமை தீர்ப்பாயம் அந்த எல்லைக்குள்ளயும் சுத்தி ஒரு கிலோமீட்டர்லயும் எல்லைய சரியா அளந்து முடிக்கிற வரைக்கும் அனுமதி குடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. சதுப்ப காப்பாத்தணும், அதுல எனக்கு மாத்து கருத்தே இல்ல, ஆனா வருஷக்கணக்கா எல்லைய அளக்காம விட்டுட்டு கடைசில பட்டாவோட அப்ரூவ்டு மனை வாங்கி லோன் போட்டவங்க மாட்டிக்கிறாங்க. சர்வே நம்பர் அடிச்ச உடனே இது நீர்நிலை, இது வெள்ளம் வர்ற இடம், இது தடை பகுதின்னு மேப்ல காட்டிட்டு அதுக்கப்புறம் பணம் வாங்குங்க, அப்படி வந்தா மீதி ஒன்றரை ஸ்டாரையும் நானே போடறேன்.

அது வர்ற வரைக்கும் மனை வாங்குறதுக்கு முன்னாடியே அ-பதிவேடு (நிலம் என்ன வகைன்னு காட்டுற கிராம பதிவேடு), எஃப்எம்பி (சர்வே நம்பரோட அளவு வரைபடம்) ரெண்டையும் எடுத்து பாத்துடுங்க, பக்கத்து சர்வே நம்பரும் சேத்து, ஏன்னா நம்முது பட்டாவா இருந்தாலும் ஒட்டுன நம்பர் வாய்க்கா புறம்போக்கா இருக்கலாம். அன்அப்ரூவ்டு மனைன்னா 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பதிவானதுக்குதான் வரன்முறை திட்டம், அத முடிச்சுட்டு இங்க வாங்க. ரெண்டாவது மாடி போடற ஐடியா இருந்தா இந்த திட்டம் செட் ஆகுமான்னு முதல்ல கேட்டுக்குங்க, இல்லன்னா பழைய ரூட்லதான் போகணும்.